கோடைக்காற்றும் சமணக் குன்றுகளும்

திசைக்கு ஒரு காற்றென வகுத்துப் பெயரிட்டது தமிழ். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தென்றலும் வாடையும் இலக்கியத்தில் பெற்ற சிறப்பைக் கோடை பெறவில்லை. வெம்மையும் புழுதியும் சுமந்து வரும் காற்றாகவே அது அறியப்பட்டது. ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழகத்திற்குப் பெரும்பொருளாக மாறியது அந்தக் கோடைக்காற்றே. வைகாசி முதல் புரட்டாசி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே புகுந்து வரும் அக்காற்றினால், இன்று தமிழகத்தில் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறனுடைய காற்றாலைகள் இயங்குகின்றன.

அதே காற்று வீசும் நிலத்தில்தான் தமிழகத்துச் சமண வரலாற்றின் அரிய சுவடுகள் சிலவும் அமைந்துள்ளன. அக்காற்றாலைகளும் இச்சுவடுகளும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது, எது எதனை எவ்வாறு பாதிக்கிறது என்பதை யார் அளந்தறிவது, எப்போது அளந்தறிவது என்னும் வினா எழுகிறது. வரலாற்றை அறிந்தவர்களே இவ்வினாவைச் சரியாக எழுப்ப இயலும்.

கணவாய் வழிகள்

தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் குறைந்த நிலையில் கிழக்கு நோக்கி வருகிறது. மலை தாழ்ந்த இடங்களில் அது நெருக்குண்டு விரைவு பெறுகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கும் அத்தகைய வாயில்கள். தமிழகத்துக் காற்றாலைகளில் மிகப் பெரும்பாலானவை இந்நான்கு கணவாய்களின் கீழ்த்திசையில் நிற்பதற்கு இதுவே காரணம்.

காற்றுக்கு வழியானவை மனிதர்க்கும் வழியாயின. வணிகரும் படைகளும் துறவியரும் மலையைக் கடந்த பாதைகள் இவையே. பாண்டிய நாட்டையும் ஆய் நாட்டையும் இணைத்த வாயில் ஆரல்வாய்மொழி. அதன் மேற்கே கோட்டாறு. இன்றைய நாகர்கோவிலின் பழம்பெயர் அது. அங்குள்ள நாகராசர் கோயில் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி ஆகியோரின் உருவங்கள் இன்றும் உள்ளன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட அக்கோயிலில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர் பொறுப்பில் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

கோட்டாற்றுக்கு வடமேற்கே உள்ளது சிதறால் மலை. கல்வெட்டில் அதன் பெயர் திருச்சாரணத்துமலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேரெயக்குடி அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி, அம்மலையின் பட்டாரியாருக்குப் பொன்னணிகள் அளித்தார். 13ஆம் நூற்றாண்டில் அக்கோயில் பகவதி கோயிலாயிற்று. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் மட்டும் அழியாமல் நிற்கின்றன.

கழுகுமலையின் பதிவேடு

செங்கோட்டைக் கணவாயின் காற்று வந்து பரவும் சமவெளியில், கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் எழுந்து நிற்பது கழுகுமலை. கல்வெட்டுகள் இதனை அரைமலை என்றும், ஊரை நெச்சுரம் என்றும் வழங்குகின்றன. 8ஆம் நூற்றாண்டில், பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டி, இங்கு ஒரு பெரும் சமணப் பள்ளி விளங்கியது. முற்றுப்பெறாத ஒற்றைக் கற்றளியாகிய வெட்டுவான் கோயிலும் இம்மலையிலேயே உள்ளது.

பாறை முகத்தில் முக்குடைக் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதர் மீது கமடன் பாறையை ஓங்கும் காட்சியும், சிங்கத்துடன் நிற்கும் அம்பிகையும், கொடி படர்ந்த பாகுபலியும் அங்கே உண்டு. சிற்பச் சிறப்பு பலரும் அறிந்தது. வரலாற்று நோக்கில் அதனினும் அரியது, உருவங்களின் கீழே பொறிக்கப்பட்ட ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவை மிகச் சிறியவை. இன்ன ஊரினர், இன்னாரின் மாணாக்கர், இன்னார் பொருட்டுச் செய்வித்த திருமேனி என்ற அளவில் முடிவன. அரசரின் மெய்க்கீர்த்தி அவற்றில் இல்லை. கைவினைஞரும் வேளாண் மக்களும் ஆண் துறவியரும் பெண் துறவியரும் தம் பெயரையும் ஊரையும் கல்லில் விட்டுச் சென்றுள்ளனர்.

அவ்வூர்ப் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு நிலப்படமே விரிகிறது. திருச்சாரணத்துக் குரத்தியர் அங்கே உள்ளனர். கோட்டாற்றுத் துறவியர் உள்ளனர். பாண்டிய நாட்டுக் குறண்டிப் பள்ளியினர் உள்ளனர். அவற்றோடு திருநறுங்கொண்டைத் துறவியர் மரபும் அங்கே பதிவாகியுள்ளது. உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில், அப்பாண்டைநாதர் கோயில் கொண்ட அதே திருநறுங்கொண்டைதான் அது. முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தவர்களுக்குக் கழுகுமலை தம் மலையாக இருந்தது என்பதற்குக் கல்லே சான்று.

இச்சான்றின் பொருள் இன்றுதான் முழுமையாக உணரத்தக்கது. தென்பாண்டி நாட்டில் சமணக் குடிகள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. தமிழ்ச் சமணர் இன்று வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி, காஞ்சி வட்டாரங்களில் வாழ்கின்றனர். கழுகுமலையின் அடிவாரத்திலோ சிதறாலின் சரிவிலோ நயினார் குடும்பம் என ஒன்று இல்லை. மலை ஓரிடத்தும், அதன் மரபுக்கு உரியவர் வேறிடத்தும் இருக்கும் இந்நிலையே தாக்க மதிப்பீட்டில் பெருஞ்சிக்கலாகிறது.

காற்றாலை வந்த வரலாறு

தமிழகத்தில் காற்றிலிருந்து மின்னாக்கும் முயற்சி 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கிற்று. மின்வாரியம் அமைத்த அச்செயல்விளக்கக் காற்றாலைகள் 55 கிலோவாட் அளவிலான சிறு பொறிகள். அதன்பின் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலும், கயத்தாறும், உடுமலை, பல்லடம் பகுதிகளும் காற்றாலைக் களங்களாயின. 1998இல் காற்றாற்றலுக்கான தேசிய ஆய்வு மையம் சென்னையில் நிறுவப்பட்டது. அதன் சோதனை நிலையம் அமைந்த இடம் கயத்தாறு.

காற்றாலையின் நன்மையை ஐயுறுதற்கு இடமில்லை. அது நிலக்கரியை எரிப்பதில்லை, புகையை உமிழ்வதில்லை, சாம்பலைக் குவிப்பதில்லை, ஆற்று நீரை உறிஞ்சுவதில்லை. மானாவாரி நிலத்தில் அது நின்றாலும் அதன் காலடியில் உழவு நடக்கலாம். உயிர்க்குத் தீங்கு குறைந்த வழியில் மின்னாற்றல் பெறுவதை அகிம்சையைப் போற்றும் எவரும் வரவேற்பர். எனவே காற்றாலை வேண்டுமா, வேண்டாவா என்பது இங்கு வினாவன்று. எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எவற்றை அறிந்துகொண்ட பின் என்பதே வினா.

உயரத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தொடக்க காலக் காற்றாலையின் கோபுரம் தென்னையைச் சற்று விஞ்சி நின்றது. இன்று நிறுவப்படுவனவற்றின் கோபுரமே 120 மீட்டரைத் தாண்டுகிறது. இறக்கை மேல்நோக்கி நிற்கும்போது அதன் நுனி 200 மீட்டரை எட்டுகிறது. 2024இல் தமிழக அரசு பழைய காற்றாலைகளை அகற்றிப் புதியனவற்றை நிறுவுவதற்கும், பழையவற்றைச் செப்பனிட்டு ஆயுளை நீட்டிப்பதற்கும் ஒரு கொள்கையை வெளியிட்டது. இனிவரும் ஆண்டுகளில் சிறு பொறிகள் பல நீங்கி, பெரும் பொறிகள் சில எழும். எங்கே எழ வேண்டும் என்பதை மறுபடியும் சிந்திக்க இது ஒரு வாய்ப்பு. முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்காமல் விட்ட கேள்விகளை இப்போது கேட்கலாம்.

சட்டம் கேட்பதும் கேளாததும்

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான நடுவண் அரசின் அறிவிக்கை 2006 செப்டம்பரில் வெளியாயிற்று. சுரங்கம், அணை, அனல்மின் நிலையம், நெடுஞ்சாலை முதலியன அதன் அட்டவணையில் உள்ளன. காற்றாலை அதில் இல்லை. தூய ஆற்றலுக்குத் தடை கூடாது என்னும் நல்லெண்ணம் இவ்விலக்கின் பின்னணியில் உண்டு. அதன் விளைவாக, காற்றாலைத் திட்டத்திற்கு முன்கூட்டிய சுற்றுச்சூழல் இசைவு தேவைப்படுவதில்லை. அவ்விசைவின் பகுதியான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடைபெறுவதில்லை.

தொல்லியல் சட்டத்திற்கு வேறோர் எல்லை உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2010இல் கொணர்ந்த திருத்தத்தின்படி, நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. கல்லுடைப்பவரிடமிருந்தும் வீடு கட்டுபவரிடமிருந்தும் சின்னத்தைக் காக்க அந்த 300 மீட்டர் பெரிதும் உதவுகிறது. ஆனால் 200 மீட்டர் உயரமுள்ள ஒரு பொருளின் தாக்கம் 300 மீட்டரில் நின்றுவிடுவதன்று. வெட்ட வெளியில் அது பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் கண்ணுக்குப் புலனாகும். இரவில் அதன் உச்சியில் செவ்விளக்கு எரியும்.

ஆகவே ஒரு சட்டம் பொறியைக் கருதவில்லை. மற்றொரு சட்டம் தொலைவைக் கருதவில்லை. இரண்டுக்கும் இடையே விழுந்துவிடுவது மலையும் அதனைச் சூழ்ந்த நிலமும் வானமும் சேர்ந்த முழுமை.

பிற நாடுகள் கற்ற பாடங்கள்

இவ்வகை மதிப்பீட்டை உலகம் பட்டறிந்தே கற்றது. கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் கணவாயில் 1980களில் ஆயிரக்கணக்கான சிறு காற்றாலைகள் நிறுவப்பட்டன. அக்கணவாய் பொன்னிறக் கழுகுகள் இரை தேடும் இடம் என்பது நிறுவும்போது கருதப்படவில்லை. ஆண்டுதோறும் பல கழுகுகள் இறக்கைகளில் அடிபட்டு மாண்டன. வழக்குகளும் ஆய்வுகளும் நடந்து, பழைய பொறிகளை அகற்றிப் பெரியனவற்றைக் குறைந்த எண்ணிக்கையில், இடம் தேர்ந்து நிறுவும் முறை பின்னரே வந்தது.

இந்தியாவிலும் ஓர் ஆய்வு உண்டு. மகாராட்டிர மாநிலம் சதாரா மாவட்டத்துச் சால்கேவாடி மேட்டுநிலத்தில் நடைபெற்ற அவ்வாய்வு 2018இல் வெளியாயிற்று. காற்றாலை நிற்கும் பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அதனால் அவற்றுக்கு இரையாகும் ஓணான்கள் பெருகின. அவற்றின் நடத்தையும் உடலியல்பும் கூட மாறியிருந்தன. ஒரு பறவை விலகினால் தரையில் ஊரும் உயிரின் வாழ்வும் மாறுகிறது என்பதை இது காட்டுகிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று சார்பானவை என்னும் சமணக் கருத்தை அறிந்தவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

கழுகின் பெயரைத் தாங்கிய மலைக்கு இவ்விரண்டும் நேரே பொருந்துவன. சம்பாதி வழிபட்ட இடம் என்னும் தலபுராணச் செய்தியும் அப்பெயரோடு இணைந்தது. தமிழகச் சமவெளிகளில் பிணந்தின்னிக் கழுகுகள் அருகியதற்குக் காற்றாலை காரணமன்று என்பதையும் உடன் சொல்ல வேண்டும். கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக் மருந்தே இந்தியா எங்கும் அவற்றின் பேரழிவுக்குத் தலையாய காரணம்; கால்நடைகளுக்கு அம்மருந்தை வழங்க 2006இல் தடை வந்தது. ஒரு தீங்கின் பழியை மற்றொன்றன் மேல் ஏற்றாதிருப்பதும் மதிப்பீட்டின் கடமையே. எஞ்சியுள்ள வல்லூறு, பருந்து, இராசாளி வகைகள் எவ்வழியே பறக்கின்றன, எப்பாறையில் கூடு கட்டுகின்றன என்பதை முன்னரே கண்டறிவதுதான் இனிச் செய்யத்தக்கது.

காட்சி பற்றிய பாடம் இங்கிலாந்திலிருந்து வருகிறது. தென்கரையில் உள்ள ஜுராசிக் கடற்கரை உலகப் பாரம்பரியச் சின்னம். அதற்கு எதிரே கடலுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட காற்றாலைகளை நிறுவ நேவிடஸ் பே என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கரையின் ஒரு கல்லையும் அத்திட்டம் தொடாது. ஆயினும் கரையிலிருந்து காணும் காட்சிக்கு அது விளைக்கும் ஊறு பெரிதெனக் கருதி, 2015 செப்டம்பரில் அந்நாட்டு அரசு இசைவு மறுத்தது. சின்னம் என்பது கல் மட்டுமன்று, அதன் சூழலும் சேர்ந்ததே என்னும் கொள்கை அங்கு நிலைபெற்றது. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்குரிய தாக்க மதிப்பீட்டு வழிகாட்டி நூல் 2022இல் வெளியாயிற்று. காற்றாலைகளுக்கெனத் தனி வழிகாட்டியையும் யுனெஸ்கோ அண்மையில் அளித்துள்ளது.

மூன்றாவது பாடம் நார்வே நாட்டினுடையது. அங்குள்ள போசன் தீபகற்பத்தில் சாமி என்னும் சிறுபான்மைப் பழங்குடியினர் கலைமான் மேய்க்கின்றனர். அவர்களது மேய்ச்சல் நிலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய நிலக் காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று எழுந்தது. சிறுபான்மையினர் தம் பண்பாட்டைப் பேணும் உரிமையை அது மீறியது என்றும், அதற்களித்த உரிமங்கள் செல்லா என்றும் 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 151 காற்றாலைகள் எழுந்து சுழன்றுகொண்டிருந்தன. தீர்ப்புக்குப் பின்னரும் அவை நின்றன. இழப்பீடும் உடன்பாடும் பேசி முடிக்க மேலும் இரண்டாண்டுகளுக்கு மேலாயின. முதலிலேயே கேட்டிருந்தால் நீங்கியிருக்கக்கூடிய துன்பம், கட்டிய பின் கேட்டதனால் இரு தரப்புக்கும் நேர்ந்தது.

கழுகுமலைக்கு வேண்டிய மதிப்பீடு

இப்பாடங்களைக் கொண்டு பார்த்தால், சமணக் குன்று ஒன்றின் அண்மையில் காற்றாலை வரும்போது அளந்தறிய வேண்டியவை எவை என்பது தெளிவாகும்.

முதலாவது மண். ஒரு பெருங்காற்றாலைக்குப் பல நூறு கன மீட்டர் கற்காரை கொண்ட அடித்தளம் வேண்டும். இறக்கையை ஏற்றிவரும் நீண்ட ஊர்திக்கும் பாரந்தூக்கிக்கும் அகன்ற சாலை வேண்டும். காற்றாலையைவிடச் சாலையே மிகுந்த நிலத்தை மாற்றுகிறது. மலையைச் சுற்றியுள்ள புஞ்சையிலும் கண்மாய்க் கரையிலும் பழைய குடியிருப்பின் பானையோடுகள், ஈமக்காடுகள், உடைந்த சிற்பங்கள் புதைந்திருக்கலாம். பள்ளி இருந்த இடத்தில் அதற்குரிய ஊர் இருந்தே தீரும். நெச்சுரம் என்னும் பழைய ஊரின் எல்லை எதுவென்று தோண்டுமுன் ஆராய்வது தொல்லியலாளர் கடமை. ஊருணிக்கும் கண்மாய்க்கும் வரும் நீரின் வழியைச் சாலை மறிக்குமா என்பதும் இதனோடு சேர்த்துக் காண வேண்டியதே.

இரண்டாவது காட்சி. மலையிலிருந்து வெளியே பார்ப்பது, வெளியிலிருந்து மலையைப் பார்ப்பது என அது இருவகைப்படும். தீர்த்தங்கரர் வரிசைக்கு முன் நிற்பவர் திரும்பிப் பார்க்கும்போது எது தெரியும்? தொலைவிலிருந்து நடந்து வருபவருக்கு மலை தனித்து நிற்குமா, சுழலும் இறக்கைகளுக்கு இடையே நிற்குமா? கணிப்பொறி வரைபடங்களின் உதவியால், கோபுரம் எழுமுன்னரே இதனைக் காட்டிவிட முடியும்.

மூன்றாவது ஒலியும் நிழலும். குடியிருப்புகளிலிருந்து 500 மீட்டர் விலக்கம் வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் நடுவண் வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. தியானத்திற்கென்றே முனிவர் தேர்ந்த குன்றில் மௌனமும் ஒரு மரபுச் செல்வம். வீட்டுக்கு உரிய விலக்கம் பள்ளிக்கும் உரியதா, அதனினும் கூடுதலாக வேண்டுமா என்பது ஆராயத்தக்கது.

நான்காவது உயிரினம். ஒரு நாள் பார்வையில் பறவையை எண்ணிவிட இயலாது. வலசை வரும் காலம், கூடு கட்டும் காலம், காற்று மிகும் காலம் என ஓராண்டு முழுவதும் பார்த்தாக வேண்டும். வௌவால்களை இரவில் எண்ண வேண்டும். மின்கம்பி வழியும் கணக்கில் வர வேண்டும்; பறவைகள் கம்பியில் மோதி இறப்பதும் மிகுதி. தீர்வுகளும் உள்ளன. நார்வேயின் சுமோலாத் தீவில் மூன்று இறக்கைகளுள் ஒன்றிற்குக் கறுப்பு வண்ணம் பூசியபோது பறவை இறப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக 2020இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நான்கு காற்றாலைகளில் மட்டும் செய்யப்பட்ட சோதனை அது. ஆயினும் எளிய வழிகள் உண்டு என்பதற்கு அது சான்றாகும்.

ஐந்தாவது, யாரைக் கேட்பது என்பது. தாக்க மதிப்பீடு வழக்கமாக அருகில் வாழ்வோரைக் கேட்கிறது. அது முறையே, உழவரும் மேய்ப்பரும் சொல்வதற்கு முதலிடம் உண்டு. மலையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பவர்களும் அவ்வூர் மக்களே. ஆனால் ஒரு மலையைத் தம் மரபாகக் கொண்டோர் எவரும் அருகில் வாழாதபோது, அம்மரபின் சார்பில் பேசுபவர் இன்றிப் போகின்றனர். படிவத்தில் பாதிக்கப்படுவோர் எவருமிலர் என்று எழுதிவிட முடிகிறது. இது எவருடைய தீய எண்ணமும் அன்று. கேட்கும் முறையில் உள்ள குறை. திருநறுங்கொண்டை மாணாக்கர் கழுகுமலைக் கல்லில் பதித்த பெயர் இக்குறையை நிரப்பும் ஆவணமாகும். தொலைவு உரிமையைப் போக்கிவிடாது என்பதை 8ஆம் நூற்றாண்டுக் கல்லே எழுதி வைத்திருக்கிறது.

அரிட்டாபட்டி காட்டிய வழி

இத்தகைய அக்கறை பயன் தருமா என்னும் ஐயத்திற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி விடை தருகிறது. அங்குள்ள கழிஞ்சமலையில் 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழிக் கல்வெட்டும், சமணர் படுக்கைகளும், பிற்காலத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவமும் உள்ளன. அதே பாறைகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய அரிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. கல்வெட்டைப் பதிவு செய்தோரும் பறவையைப் பதிவு செய்தோரும் ஊர் மக்களும் பல்லாண்டுகள் தனித்தனியே செய்த பணி ஓரிடத்தில் சேர்ந்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சார்ந்த ஏறத்தாழ 193 எக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், 2024 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 சனவரியில் நடுவண் அரசு ஏலத்தைக் கைவிட்டது. அப்போராட்டத்தில் மக்கள் கையில் இருந்த வலிமை, முன்னரே எழுதி வைத்திருந்த பட்டியல். எந்தப் பறவை, எந்தச் சுனை, எந்தக் கல்வெட்டு என்பது ஆவணமாக இருந்தது. சுரங்கத்தோடு காற்றாலையை ஒப்பிடுவது பொருந்தாது. ஒன்று மலையையே உண்பது. மற்றொன்று இடம் மாற்றி நிறுவத்தக்கது. ஆயினும் முன்கூட்டிய பதிவே காப்பு என்னும் பாடம் இரண்டுக்கும் பொது.

செய்யத்தக்கவை

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் தென்பாண்டிக் குன்றுகளுக்குத் திருத்தல யாத்திரை செல்வது பெருகி வருகிறது. அவ்யாத்திரை வழிபாட்டோடு ஒரு பதிவுப் பணியாகவும் அமையலாம். மலையின் மேல் நான்கு திசைகளிலும் நின்று, நாளும் பொழுதும் குறித்து ஒளிப்படம் எடுத்து வைத்தால், இன்றுள்ள காட்சிக்கு அது சான்றாகும். சுனையில் நீர் இருந்த மாதம், கண்ட பறவை, படிக்க முடிந்த கல்வெட்டு வரி, புதிதாகத் தோன்றிய சிதைவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். மாணவர் இதனைச் செய்தால் கல்வியாகவும் அமையும். ஆண்டுதோறும் தொகுத்த அக்குறிப்பை அறக்கட்டளைகள் மாவட்ட ஆட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் ஊராட்சிக்கும் அனுப்பி, சமணச் சின்னங்களின் சுற்றுப்புறத்தில் திட்டம் வரும்போது தெரிவிக்குமாறு கோரலாம். அடிவாரத்து ஊர் மக்களோடு நட்புக் கொள்வது இவை அனைத்தினும் முதன்மையானது. தொலைவில் இருப்போரின் கண்ணும் செவியும் அவர்களே.

காற்றாலை அமைப்போரும் பகைவர் அல்லர். எங்கே குன்று உண்டு, எங்கே பறவை வழி உண்டு என்பது முன்னரே தெரிந்தால் பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிறுவுவதில் அவர்களுக்குப் பேரிழப்பு இல்லை. காற்றுக் களம் பரந்தது. கழுகுமலை ஒன்றே ஒன்று.

அருகரின் வழிநிற்கும் முனிவர்க்கு ஐந்து சமிதிகளுள் முதலாவதாக விதிக்கப்பட்டது ஈர்யா சமிதி. அடியெடுத்து வைக்குமுன் எதிரே உள்ள நிலத்தை உற்று நோக்கி, சிற்றுயிருக்கும் ஊறு நேராதவாறு நடத்தல் அது. நடக்கக் கூடாது என்பது அவ்விதியின் பொருள் அன்று. பார்த்து நடக்க வேண்டும் என்பதே. காற்றாற்றலை நோக்கி நாடு எடுத்து வைக்கும் அடிக்கும் அவ்விதி பொருந்தும். குணந்தாங்கிக் குரத்திகளும், திருநறுங்கொண்டையிலிருந்து நடந்து வந்த மாணாக்கரும் அவ்வாறு பார்த்து நடந்தே அம்மலைகளை அடைந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற பெயர்களை இன்றைய தலைமுறை படித்து, எழுதி வைத்து, உரிய இடத்தில் எடுத்துச் சொல்லுமாயின், கோடைக்காற்று விளக்கையும் ஏற்றும், குன்றையும் விட்டுவைக்கும்.